பிரஷர் குறைக்கும் வால்வு வாங்கும் முன் ஒரு கேஜ் வாங்குங்கள்

இது இரண்டு பொருட்களைப் பற்றிய விமர்சனம். ஒன்று, வீட்டுக்குள் வரும் தண்ணீரின் பிரஷரைக் குறைக்கிற முக்கால் அங்குலப் பித்தளை வால்வு. இன்னொன்று, குழாய் வாயில் திருகி வைக்கிற பிரஷர் கேஜ். வால்வுதான் பெரிய பொருள், கேஜ் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் யோசிக்காமல் கேஜைத்தான் சொல்வேன். பிரஷர் அதிகம் என்கிற புகாரில் பாதிக் குழப்பம், யாரும் அளந்து பார்க்காததால் வருவது.

எங்கள் வீட்டில் தெரிந்த அறிகுறிகளைச் சொல்கிறேன். விடியற்காலையில் ஹீட்டரின் ரிலீஃப் வால்விலிருந்து, அதாவது பிரஷர் எல்லை மீறினால் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற வால்விலிருந்து, தண்ணீர் சொட்டும். காலையில் முதல் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறி அடிக்கும். ஃபிளஷ் டேங்க் நிரம்பிய பிறகும் மிதவை வால்வு அவ்வப்போது உஸ்ஸென்று சத்தம் போடும். வாஷர் மாற்றிய குழாய் சீக்கிரமே மறுபடி ஒழுகும். பகலில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதனால் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் எதுவும் படாது. ரிலீஃப் வால்வு பழுதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மாற்றியிருந்தால் புதியதும் சொட்டத்தான் சொட்டியிருக்கும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. எங்கள் ஹீட்டரில் அது 7 பாரில் (பார் என்பது பிரஷரின் அலகு) திறக்கும்படி செய்யப்பட்டது. இரவில் தெருக்குழாயின் பிரஷர் அதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அதைக் காட்டிக்கொடுத்தது கேஜ். நான் வாங்கியது 0 முதல் 10 பார் வரை அளவு காட்டுகிற, சிவப்பு முள் ஒன்று கூடுதலாக உள்ள வகை. கறுப்பு முள் இப்போதைய பிரஷரைக் காட்டும். ஏறும்போது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது சிவப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடும். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற வெளிக்குழாயில் இரவு திருகி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். பகலில் எங்கள் வீட்டில் 5.2 காட்டியது. காலையில் பார்த்தபோது கறுப்பு முள் திரும்ப 5.2க்கே வந்திருந்தது, சிவப்பு முள் 7.8இல் நின்றுகொண்டிருந்தது. இரண்டரை பார் வித்தியாசம். அந்தச் சிவப்பு முள் இல்லாத கேஜ் என்றால், இரவில் எழுந்து போய்ப் பார்த்தவருக்குத்தான் இது தெரிந்திருக்கும்.

இரவில் ஏன் ஏறுகிறது என்பது எளிது. பகலில் ஊரே தண்ணீர் எடுக்கிறது. தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவரில் உரசி வழியிலேயே பிரஷரை இழக்கிறது. எல்லோரும் தூங்கியதும் ஓட்டம் குறைகிறது, உரசல் இழப்பும் குறைகிறது, ஊருக்குத் தண்ணீர் தருகிற தொட்டியின் உயரம் தருகிற முழு பிரஷரும் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. பள்ளமான இடத்தில் இருக்கிற வீட்டுக்கு இன்னும் கூடுதல். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பிஎஸ்ஐ அளவு உள்ள கேஜ் என்றால் 1 பாருக்கு 14.5.

கேஜ் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளே ஒரு வளைந்த தட்டைக் குழல் இருக்கும். பிரஷர் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்தச் சின்ன அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. 1849இல் பிரான்ஸைச் சேர்ந்த யூஜீன் பூர்டான் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றைக்கும் அதேதான். இதன் துல்லியத்தை முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 2.5 என்று போட்டிருக்கிற 10 பார் கேஜ், எந்த இடத்திலும் கால் பார் வரை முன்னே பின்னே காட்டலாம். அதே துல்லியத்தில் 25 பார் கேஜ் வாங்கினால் அரை பாருக்கும் மேலே தவறு வரும். வீட்டு வேலைக்கு 10 பார் கேஜே போதும். இரண்டாவது, கிளிசரின் நிரப்பிய கேஜ் கிடைத்தால் நல்லது, முள் நடுங்காது. சிவப்பு முள்ளும் கிளிசரினும் சேர்ந்து வருவது எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சிவப்பு முள்.

அளக்கும்போது வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது. வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, ஃபிளஷ் டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீர் ஓடாமல் நிற்கிறபோது இருப்பதுதான் குழாயும் ஹோஸும் தாங்க வேண்டிய பிரஷர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "எங்க வீட்டு ஷவர்ல தண்ணியே சரியா வரல, பிரஷர் எப்படி அதிகமா இருக்கும்?" என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம். துருப்பிடித்து உள்ளே சுருங்கிப்போன குழாயிலும் உப்பு அடைத்த ஷவரிலும் தண்ணீர் நூலாக வரும். குழாயை மூடி வைத்தால் அதே இடத்தில் 7 பார் நிற்கும். வருகிற தண்ணீரின் அளவு வேறு, பிரஷர் வேறு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது.

எவ்வளவு இருந்தால் அதிகம்? 2 முதல் 4 பார் வரை வீட்டுக்கு வசதியானது, 3 பார் நல்ல நடுவளவு. அமெரிக்காவின் பிளம்பிங் விதிகள் 80 பிஎஸ்ஐ, அதாவது 5.5 பாரைத் தாண்டினால் குறைக்கும் வால்வு கட்டாயம் என்கின்றன. எங்கள் பகல் அளவு அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தது, இரவு அளவு வெகு தூரம் வெளியே. பகலில் மட்டும் அளந்தவர் வால்வு தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

சரி, வால்வுக்கு வருவோம். நான் மாட்டியது டயாஃபிரம், அதாவது வளைந்துகொடுக்கிற சவ்வு, உள்ள கார்ட்ரிட்ஜ் வகை. வேலை செய்கிற பாகங்களை மொத்தமாகக் கழற்றி எடுக்கலாம். உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வைத் திறக்கப் பார்க்கும். வீட்டுப் பக்கத்துத் தண்ணீர் டயாஃபிரத்தைத் தள்ளி அதை மூடப் பார்க்கும். நீங்கள் குழாயைத் திறந்தால் வீட்டுப் பக்க பிரஷர் இறங்குகிறது, ஸ்பிரிங் ஜெயித்து வால்வு திறக்கிறது. குழாயை மூடினால் பிரஷர் ஏறி டயாஃபிரம் ஜெயிக்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. கரண்ட் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். உள்வரும் பிரஷர் 16 பார் வரை தாங்கும் என்றும், வெளியே 1.5 முதல் 6 பார் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 3 பாரில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

மாட்டியபின் முடிவு எப்படி? மூடிய நிலையில் 3.1. இரவில் வெளியே 7.8 நிற்கும்போதும் உள்ளே சிவப்பு முள் 3.2ஐத் தாண்டவில்லை. ஒரு குழாயைத் திறந்தால் 2.7க்கு இறங்கும். ஷவர், அடுப்படிக் குழாய், வாஷிங் மெஷின் மூன்றும் சேர்ந்து ஓடினால் 2.2. இந்த இறக்கம் எந்த வால்விலும் உண்டு. தண்ணீர் போக வேண்டும் என்றால் ஸ்பிரிங் கொஞ்சம் விரிந்துதான் ஆக வேண்டும். வாங்குகிறவர்கள் இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 1 பாருக்கு மேல் இறங்கினால்தான் கவலைப்படணும். அப்போதும் முதலில் வால்வுக்குள் அழுக்கைப் பிடிக்க இருக்கிற வலையைக் கழற்றிப் பாருங்கள்.

தண்ணீர் வரத்து எவ்வளவு குறையும் என்பது எல்லோருக்கும் இருக்கிற பயம். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள்: "அக்கா, பாதியா குறைச்சா தண்ணியும் பாதியாத்தானே வரும்?" அப்படி இல்லை. ஒரு துளை வழியாக வரும் தண்ணீர், பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 6 பாரை 3 ஆக்கினால் தண்ணீர் 29 சதவீதம்தான் குறையும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வாய் பொருத்திய குழாய்களில் அதுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் தோட்ட ஹோஸில் மட்டும்தான் வித்தியாசம் தெரிந்தது.

பிடித்த விஷயங்கள்: கார்ட்ரிட்ஜைக் கழற்றி எடுக்க வால்வின் உடலைக் குழாயிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் யூனியன், அதாவது குழாயை வெட்டாமல் கழற்றுகிற இணைப்பு, இருக்கிறது. வலை இருக்கிற கிண்ணம் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக், அழுக்குச் சேர்ந்திருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அந்தக் கிண்ணத்தை பெட்ரோல், தின்னர் எதுவும் தொட்டுத் துடைக்கக் கூடாது, விரிசல் விடும். வெயில் நேராகப் படுகிற இடம் என்றால் பித்தளைக் கிண்ணம் உள்ள வகையை வாங்கிவிடுங்கள்.

பிடிக்காததும் இருக்கிறது. கேஜ் மாட்டுகிற துளை ஒரு பக்கம்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் வருகிற திசைக்கு வால்வைச் சரியாக வைத்தால் அது சுவரைப் பார்த்து நிற்கிறது. இரண்டு பக்கமும் துளை வைத்து, வேண்டாததை மூடி போட்டு அனுப்புவதில் என்ன சிரமம் என்று தெரியவில்லை. கடைசியில் வால்வுக்கு அடுத்து 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டுத்தான் கேஜை நிரந்தரமாக வைத்தோம். பிரஷரை ஏற்றி இறக்குகிற குமிழில் அச்சடித்த அளவையும் நம்ப வேண்டாம். 3இல் வைத்தபோது கேஜ் 3.3 காட்டியது. கேஜைப் பார்த்துத்தான் திருக வேண்டும். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் ஏறும், எதிர்த்திசையில் இறங்கும். இறக்கும்போது ஒரு குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடுங்கள், அதன் பிறகுதான் முள் புது அளவைக் காட்டும். ஏற்கெனவே உள்ளே அடைபட்ட தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாததால், திருகினதும் முள் அசையாது. குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு வால்வு வேலை செய்யவில்லை என்று எழுதுகிற விமர்சனங்களில் பல இதனால் வந்தவையாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் என் பெரிய குறை வால்வின் மேல் இல்லை, அதோடு வந்த தாளின் மேல்தான். அதில் எழுதியே ஆக வேண்டிய ஒரு விஷயம் இல்லை. மாட்ட வந்த பிளம்பர் வயதானவர், அவர்தான் சொன்னார்: "ஏம்மா, இதை மாட்டினா தண்ணி தெருவுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. ஹீட்டர் ஓடும்போது முள்ளைப் பாருங்க, அப்புறம் கூப்பிடுங்க."

அவர் சொன்னபடிதான் நடந்தது. விடியற்காலைச் சொட்டு நின்றுவிட்டது. ஹீட்டர் போட்டால் முள் 3இலிருந்து மெல்ல 4, 5, 6 என்று ஏறியது, 7ஐத் தொட்டதும் ரிலீஃப் வால்வு சொட்டத் தொடங்கியது. வெளியே தெரிகிற அறிகுறி அதேதான். காரணம் முற்றிலும் வேறு. தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு ஏறத்தாழ 1.5 சதவீதம் கூடும். 100 லிட்டர் ஹீட்டரில் அது ஒன்றரை லிட்டர். முன்பு அந்த ஒன்றரை லிட்டர் சத்தமில்லாமல் மீட்டர் வழியாகத் தெருக்குழாய்க்குள் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. இப்போது குறைக்கும் வால்வு நடுவில் மூடி நிற்கிறது. தண்ணீர் அமுங்காது. அதனால் பிரஷர்தான் ஏறும். சில வால்வுகளில் இதற்காகவே ஒரு பைபாஸ், அதாவது தண்ணீர் திரும்பிப் போக ஒரு பக்க வழி, வைத்திருப்பார்கள். ஆனால் வீட்டு பிரஷர் தெரு பிரஷரைத் தாண்டினால்தான் அது திறக்கும். தெருவிலேயே 7.8 நிற்கிற எங்களைப் போன்ற வீட்டுக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

தீர்வு ஒரு எக்ஸ்பான்ஷன் வெசல். ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் மாட்டுகிற சின்ன உருளை, உள்ளே ஒரு ரப்பர் பை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். எங்களுக்கு 8 லிட்டர் அளவு போதுமானது. காற்றுப் பக்கத்தை வீட்டு பிரஷருக்குச் சமமாக 3 பாரில் வைத்தோம். இப்போது ஹீட்டர் முழுச் சூட்டுக்குப் போகும்போது முள் 4க்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. சொட்டு இல்லை. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் வால்வின் செலவைக் கணக்குப் போட வேண்டும். தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் வாங்குகிறவர் முன்கூட்டியே தயாராக இருப்பார்.

ஒரு விலக்கு சொல்லிவிடுகிறேன். சில ஹீட்டர்களில் குளிர்நீர் நுழையும் இடத்திலேயே ரிலீஃப் வால்வும், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அங்கே சூடேறும்போது சில சொட்டுகள் விழுவது எதிர்பார்த்த ஒன்றுதான், வீட்டு கேஜில் ஏற்றமும் தெரியாது. சூடேறும் நேரத்துக்கு வெளியேயும் சொட்டினால் மட்டும் பிரஷரைச் சந்தேகப்படுங்கள். எந்த வகையாக இருந்தாலும் அந்தச் சொட்டுக் குழாயை மட்டும் யாரும் மூடிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தரையில் ஈரம் வருகிறது என்று அதில் மூடி போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் ஒருநாள் ஹீட்டரை அணைக்காமல் போனால் வெடிக்காமல் காப்பாற்றுவது அந்த ஒரு துளைதான்.

பிரஷர் ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வால்வுக்குள்ளேயே இருக்கிறது. ஹீட்டரை அணைத்து, எல்லாக் குழாயையும் மூடி, முள்ளைப் பாருங்கள். அப்போதும் 3இலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போய்த் தெரு பிரஷரைப் பிடித்தால், வால்வு முழுதாக மூடவில்லை. தெருவில் குழாய் தோண்டிச் சரிசெய்த பிறகு எங்களுக்கும் இது வந்தது. ஒரு மணல் துகள் போதும். குழாய்களை முழுதாகத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டால் சில நேரம் தானே அடித்துப் போய்விடும். எங்களுக்குப் போகவில்லை, கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கழுவி மாட்டியதும் சரியாயிற்று. வால்வுக்கு முன்னும் பின்னும் தண்ணீரை நிறுத்துகிற பால் வால்வு (ball valve) வைத்திருந்ததால் இது சின்ன வேலை. அவை இல்லாமல் மாட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆக, சூடேறும்போது மட்டும் ஏறினால் விரிவு. எப்போதும் ஏறினால் வால்வு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல கேஜும் கொஞ்சம் பொறுமையும்தான் வேண்டும்.

தங்கை வீட்டில் மூன்றாவதாக ஒன்று வந்தது, அதை இன்னும் பலர் சந்திப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அவள் இருப்பது உயரமான கட்டடத்தின் கீழ்த் தளம். மேலே தொட்டி, இடையில் 50 மீட்டருக்குச் சற்று அதிகம். கேஜ் 5.1 காட்டியது. தொட்டியின் உயரம் மாறாததால் இரவும் பகலும் அதே 5.1. அவளுக்கும் இதே வால்வைத்தான் சிபாரிசு செய்தேன். ஆனால் குழாய் போகிற வசதியைப் பார்த்து, அவள் வீட்டில் ஹீட்டருக்குப் போகிற கிளையில் மட்டும் அதை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 3இல் வைத்தது ஒரு மணி நேரத்தில் 5ஐத் தொட்டது. ஹீட்டர் அணைந்திருந்தது. வால்வு பழுது, மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள்.

வால்வு நன்றாகத்தான் இருந்தது. குளியலறையில் கைஷவர், அதன் பிடியிலேயே மூடுகிற பொத்தான். குளித்து முடித்ததும் பொத்தானால் மட்டும் மூடிவிட்டு, வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கிற மிக்ஸர் குழாயின் கைப்பிடியைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். மிக்ஸருக்குள் குளிர்நீர் 5.1, வெந்நீர் 3. வெளியே போக வழியில்லாததால், குளிர்நீர் மிக்ஸர் வழியாகவே வெந்நீர்க் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தின் பிரஷரை ஏற்றியது. மிக்ஸரை மூடியதும் முள் 3இலேயே நின்றது. நிரந்தரத் தீர்வு, வால்வைக் குளிர்நீரும் வெந்நீரும் பிரிகிற இடத்துக்கு முன்னால் கொண்டுபோவது. அப்படி மாற்றிய பிறகு ஷவரில் சூடு திடீரென்று ஏறி இறங்குகிற தொல்லையும் போய்விட்டது, இரண்டு பக்கமும் இப்போது ஒரே பிரஷர். இதே வால்வை வாங்குகிறவர்கள் எந்த இடத்தில் மாட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வால்வின் உடலில் தண்ணீர் போகும் திசையைக் காட்டுகிற அம்புக்குறியையும் பாருங்கள்.

அவள் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது சுவருக்குள் மடாரென்று அடிக்கும். அதுவும் இந்த வால்வால் தீருமா என்று கேட்டாள். குறையும், முழுதாகப் போகாது. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் எழும் அதிர்ச்சி அலையை மாஸ்கோவின் தண்ணீர்க் குழாய்களில் சோதித்து, அதற்கான சூத்திரத்தை 1898இல் வெளியிட்டவர் ரஷ்யாவின் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி. அந்தக் கணக்குப்படி, செப்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை நொடிப்பொழுதில் நிறுத்தினால் 12 பாருக்கும் மேலான ஓர் அடி விழும், ஏற்கெனவே இருக்கிற பிரஷருக்கு மேல் இது கூடுதல். அடியின் பலம் ஓட்ட வேகத்தைப் பொறுத்தது. பிரஷரைக் குறைத்தால் வேகமும் ஓரளவு குறையும், சத்தமும் ஓரளவு குறையும். மெஷினுக்குள் மின்சாரத்தால் இயங்குகிற சோலனாய்டு வால்வு மூடுகிற வேகம் அப்படியேதான் இருக்கும். மெஷினுக்குப் போகும் குழாய் வாயிலேயே அந்த அடியை வாங்கிக்கொள்கிற ஹேமர் அரெஸ்டர் ஒன்று வைத்த பிறகுதான் அவள் வீட்டில் சத்தம் நின்றது. அதைத் தூரத்தில் வைத்தால் பலன் குறைவு, அடி பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வால்வின் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழு ஓட்டத்தில் லேசான சீறல் கேட்கிறது. படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் மாட்டாதீர்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் மூன்றுக்கு ஒன்று என்கிற விகிதத்தைத் தாண்டினால் சத்தம் கூடுவதோடு, வால்வு மூடும்போது உட்காருகிற பரப்பை அரிக்கிற குமிழிகளும் உண்டாகலாம். தெருவில் 10 பார் இருக்கிற இடத்தில் ஒரே வால்வில் 2க்கு இறக்க முயலாமல், இரண்டு வால்வுகளை அடுத்தடுத்து வைத்து இரண்டு படியாக இறக்குவதுதான் முறை. எங்களுக்கு 7.8க்கு 3, அதனால் ஒன்றே போதும்.

யாருக்கு இது வேண்டாம்? வீட்டில் ஒரே ஒரு குழாய் மட்டும் ஒழுகினால் வாஷரைப் பாருங்கள், வால்வு வேண்டாம். பிரஷர் பம்ப் வைத்திருக்கிறீர்கள், அது போட்ட பிறகுதான் தொல்லை என்றால், பம்ப் அணைகிற அளவை அதன் பிரஷர் சுவிட்சில் இறக்குங்கள். பம்ப் கரண்ட் செலவழித்து ஏற்றுவதை அடுத்த அடியில் ஒரு வால்வு வைத்து இறக்குவதில் அர்த்தமில்லை. சிவப்பு முள் ஒரு முழு இரவும் 4ஐத் தாண்டாத வீட்டுக்கும் வேண்டாம்.

மற்றவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், கேஜும் எக்ஸ்பான்ஷன் வெசலும் சேர்த்து. மாட்டும்போதே கேஜை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். வலையை அழுக்குத் தெரியும்போதெல்லாம் கழுவுங்கள். வெசலின் காற்றை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஹீட்டரை அணைத்து, மெயின் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து தண்ணீர்ப் பக்க பிரஷரைப் பூஜ்யமாக்கிய பிறகு, டயருக்குக் காற்று பார்க்கிற கேஜை வெசலின் முனையில் வைத்துப் பாருங்கள். 3க்குக் கீழே இருந்தால் சைக்கிள் பம்பால் அடித்துக்கொள்ளலாம். காற்று முனையை அழுத்தும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, வெசலை மாற்றத்தான் வேண்டும்.